"இன்று இரவு 9.30க்கு கரண்ட் கட்": உங்களுக்கு வந்த மோசடி மெசேஜ் எது?

சேலத்திலிருந்து:

எங்க தெருவுல பாதிப் பேருக்கு இந்த எஸ்எம்எஸ் வந்திருக்கு. "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்." கீழே ஒரு மொபைல் நம்பர். எங்க சித்தப்பாவுக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வந்தது. ஆபீஸ் பூட்டியிருக்கும், போய்க் கேட்க முடியாது. "ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் இருக்கே"ன்னு சித்தி பதறிட்டாங்க. அந்தப் பதற்றத்துக்காகத்தான் நேரம் பார்த்து அனுப்புறாங்க.

நிதானமா படிச்சா மெசேஜே காட்டிக் கொடுக்குது. தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்குறாங்க. போன மாத பில் எங்கிருந்து வரும்? மின் இணைப்பு எண்ணும் அதுல இல்லை. நாடு முழுக்க ஒரே வாசகத்தை அனுப்புறவனுக்கு நம்ம ஊர் நடைமுறை தெரியாது.

அனுப்பினதும் சாதாரண 10 இலக்க நம்பர். வங்கி, அரசு அலுவலகம் அனுப்புற எஸ்எம்எஸ்ல நம்பருக்குப் பதிலா எழுத்துகள் இருக்கும். 2025லேருந்து அதுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கோடு போட்டு இன்னொரு எழுத்தும் வருது: பி-ன்னா விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. அந்த மொபைல் நம்பருக்குக் கூப்பிட்டா நம்ம திரையை அவன் பார்க்குற மாதிரி ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, "அப்டேட் ஆக 10 ரூபாய் மட்டும் கட்டுங்க"ம்பான். பத்து ரூபாய் அவனுக்கு எதுக்கு? நாம பின் நம்பர் போடுறதைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து:

இணைப்பு எண் இருக்கான்னு பார்க்குறது எல்லா இடத்துலயும் பலிக்காதுங்க. எனக்கு வாட்ஸ்அப்ல வந்த டிராஃபிக் ஃபைன் மெசேஜ்ல என் வண்டி நம்பர் சரியாவே இருந்துச்சு. கூடவே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது தொட்டா போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல். அபராதச் சீட்டை எந்தப் போலீஸும் ஆப்பா அனுப்ப மாட்டாங்க. அரசோட அபராதத் தளமான பரிவாகன் இ-சலான்ல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், ஒரு அபராதமும் இல்லை.

இதே சரக்கு கல்யாணப் பத்திரிகைன்னும் வருது. எங்க சொந்தக்காரங்க குரூப்ல மதினி நம்பர்லேருந்தே வந்துச்சு. யார் வீட்டுக் கல்யாணம்னு கேட்கப் போன் பண்ணினா, "நான் ஒண்ணுமே அனுப்பலையே தம்பி"ங்கிறாங்க. முந்தின நாள் அவங்க அதைத் திறந்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதுக்குச் சரின்னு கொடுத்திருக்காங்க. அப்புறம் வர்ற ஓடிபி எல்லாம் அவன் கைக்கும் போயிடும். தெரிஞ்சவங்க பேர்ல வர்றதுனாலதான் எனக்கு இது கரண்ட் மெசேஜை விட பயமா இருக்கு.

திருநெல்வேலியிலிருந்து:

என் தங்கச்சி வேலை தேடிட்டு இருந்தப்போ டெலிகிராம்ல வந்தது: வீடியோவுக்கு லைக் போட்டா காசு. முதல்ல 150 ரூபாய் நிஜமாவே கணக்குல ஏறிச்சு. அடுத்து 'டாஸ்க்'னு 2,000 கட்டச் சொன்னாங்க. அதோட நிறுத்திட்டோம். வேலை கொடுக்குறவங்க நம்மகிட்ட ஏன் பணம் கேட்கணும்?

மீண்டும் சேலத்திலிருந்து:

மதுரை அண்ணே, நீங்க சொல்றது சரிதான், தெரிஞ்சவங்க நம்பர்னா எச்சரிக்கையே வராது. மதினி போன்ல உடனே நெட்டை அணைச்சிட்டு அந்த ஆப்பை நீக்கச் சொல்லுங்க. ஐகான் கண்ணுக்குத் தெரியலைன்னா செட்டிங்ஸ்ல ஆப் பட்டியல்ல தேடணும், சிலது ஐகானை மறைச்சுக்கும். வங்கிக்கு வேற போன்லேருந்து பேசச் சொல்லுங்க. பணம் போயிருந்தா தாமதிக்காம சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்கணும், நேரம் ஆக ஆக அது பல கணக்குக்கு மாறிடும். பணம் போகலை, மெசேஜ் மட்டும்தான்னா மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல 'சக்ஷு' பகுதியில புகார் பதியலாம். அனுப்பின நம்பரோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அழிச்சிடாதீங்க.