நகர மன்றத்தில் கொடி உறுதிமொழி: உங்கள் ஊர் நடைமுறையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஊரின் நகர மன்றத்தில், கூட்டத் தொடக்கத்தில் நெஞ்சில் கை வைத்துக் கொடி உறுதிமொழி (நாட்டுக்கும் அதன் கொடிக்கும் விசுவாசம் தெரிவிக்கும் Pledge of Allegiance) கூறும் வழக்கத்தைத் தொடரலாமா என்ற விவாதம் எழுந்துள்ளதால், பொதுமக்கள் கருத்துக்கென ஒதுக்கும் மூன்று நிமிடத்தில் பேச எண்ணியுள்ளேன். மினசோட்டாவின் செயின்ட் லூயிஸ் பார்க் மன்றம், பலதரப்பட்ட மக்களும் தயக்கமின்றி வர வேண்டும் என்று 2019 ஜூனில் இதை ஒருமனதாகக் கைவிட்டு, அதிபர் டிரம்ப் வரை கண்டனம் தெரிவித்த பின், மறுமாதமே மீண்டும் கொண்டுவந்தது. (ஊராரைக் கேளாமல் முடிவெடுத்ததே சிக்கல் என்பது என் எண்ணம்.) பள்ளி மாணவரைக்கூடக் கட்டாயப்படுத்த இயலாது என்ற, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1943 பார்னெட் தீர்ப்பை அறிவேன். விரும்பாதோர் அமைதியாக இருக்கலாம் என நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடும் மன்றம் உங்கள் ஊரில் இருந்தால், அந்த வாசகத்தை அன்புகூர்ந்து பகிருங்கள்.