டிஎஃப்-ஐடிஎஃப் + எக்ஸ்ஜிபூஸ்ட்: ஓஎன்என்எக்ஸுக்கு மாற்றியதும் கணிப்பு மாறுகிறது

கேள்வி: உரையை எண்களாக்கும் டிஎஃப்-ஐடிஎஃப், அந்த எண்களிலிருந்து முடிவு மரங்களால் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட், இரண்டும் சேர்ந்த சைகிட்-லேர்ன் (பைதான் இயந்திரக் கற்றல் நூலகம்) பைப்லைனை ஓஎன்என்எக்ஸுக்கு (மாடல்களை வேறு சூழல்களிலும் ஓட்ட உதவும் பொது வடிவம்) மாற்றினேன். பிழைச்செய்தி ஏதுமில்லை. டிஎஃப்-ஐடிஎஃப் எண்கள் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் நிகழ்தகவுகள் பொருந்தவில்லை. ஏன்?

பதில் 1: சைகிட்-லேர்னில் டிஎஃப்-ஐடிஎஃப் வெளியீடு ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ், அதில் பூஜ்யங்கள் சேமிக்கப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தை எக்ஸ்ஜிபூஸ்ட் ‘மதிப்பு விடுபட்டது’ என்றே எடுத்து, மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் விடுபட்டவற்றுக்கான இயல்புக் கிளைக்கு அனுப்புகிறது. ஓஎன்என்எக்ஸில் டிஎஃப்-ஐடிஎஃப் வெளியீடு டென்ஸ், அதாவது பூஜ்யங்களும் சேமிக்கப்படும். அங்கே அதே இடத்தில் நிஜமான 0.0 வந்து வரம்போடு ஒப்பிடப்படுகிறது. கிளை மாறக்கூடும். லீனியர் மாடலில் இந்தச் சிக்கலே வராது, பூஜ்யம் கூட்டுத்தொகையில் எதையும் சேர்க்காதே.

மாடலை மறுபடி பயிற்றுவிக்க முடிந்தால் டூஅரே() போட்டு டென்ஸாகப் பயிற்றுவியுங்கள். அதுதான் சுத்தமான வழி. முடியாதென்றால் ஓஎன்என்எக்ஸ் கிராஃபில் மரங்களுக்கு முன்னால் 0-ஐ என்ஏஎன் (விடுபட்ட மதிப்பின் குறி) ஆக்கும் படி ஒன்றைச் சேருங்கள்.

பதில் 2: டென்ஸ் என்றால் நினைவகத்தையும் கணக்கிடுங்கள். 50,000 சொற்கள், 1,000 வரிகள், ஃப்ளோட்32 (எண்ணுக்கு 4 பைட்): 200 எம்பி. மேக்ஸ்_ஃபீச்சர்ஸை (சொற்பட்டியலின் உச்ச அளவு) குறையுங்கள், கணிப்பைச் சிறு தொகுதிகளாக ஓட்டுங்கள். சோதிக்கும்போது லேபிளை மட்டும் ஒப்பிடாதீர்கள். நிகழ்தகவு வேறுபாடு 1e-5 அளவுக்குள் இருக்கிறதா பாருங்கள். சொற்பட்டியலில் இல்லாத சொற்கள் மட்டுமே கொண்ட வரி ஒன்றையும் கொடுங்கள், முழுக்கப் பூஜ்யமான அந்த வரியில் பிழை உடனே தெரியும்.