புதுப்பிப்பு: எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல

நர்சிங் மாணவர்களுக்கான சைக்காலஜி இழையில், கற்றல் கோட்பாடுகளின் வரையறைகளை அட்டையில் எழுதிப் படிக்கச் சொல்லியிருந்தேன். அது போதாது. கேள்வி நோயாளியின் சூழ்நிலையாக வந்தால் பலர் எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். வலுவூட்டல் என்றால் ஒரு நடத்தையைக் கூட்டுவது, தண்டனை என்றால் குறைப்பது. ‘எதிர்மறை’ என்றால் கெட்டது என்றல்ல, ஒன்று நீங்குகிறது என்று பொருள் (பெயர் வைத்தவரைத்தான் நோகவேண்டும்).

இரண்டே கேள்வி: ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா? நடத்தை கூடியதா, குறைந்ததா? நோயாளி மாத்திரை போட்டதும் வலி போகிறது. அடுத்த முறை தானே கேட்டு வாங்குகிறார். நீங்கியது, கூடியது: எதிர்மறை வலுவூட்டல். குறைந்தால் மட்டுமே தண்டனை.

கீமோதெரபி அறையைப் பார்த்ததுமே வரும் குமட்டல் இந்தக் கணக்கில் சேராது. அது உடலியல் அறிஞர் பாவ்லவ் காட்டிய வகை, இரண்டு தூண்டல்கள் சேர்ந்தே வந்து பழகிப்போவது: மருந்து இயல்பான தூண்டல் (தானாகவே குமட்டலைத் தருவது), அறை பழகிப்போன தூண்டல் (மருந்தோடு சேர்ந்தே வந்ததால் குமட்டலைத் தருவது). அட்டையின் பின்பக்கம் இப்படியொரு சூழ்நிலையை எழுதிவையுங்கள்.