தரம் 3, 4 பிள்ளைகளுக்குத் தேசப்படம் வாசிக்கக் கற்பிக்கலாமா? வன்னியில் இருந்து ஒரு விவாதம்

முரசுமோட்டை ரீச்சர்:
தரம் 4 பிள்ளைகளிடம் வடக்கைக் காட்டச் சொன்னால் பலர் கூரையைக் காட்டுகிறார்கள். காரணம் சுவரில் தொங்கும் இலங்கைப் படம். அதில் யாழ்ப்பாணம் மேலே இருக்கிறது, அதனால் வடக்கு என்றால் மேலே என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதே பிள்ளைகளிடம் இரணைமடு எந்தப் பக்கம், பரந்தன் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்காமலே சரியாகக் கை நீட்டுவார்கள். இந்த இரண்டு அறிவையும் சேர்த்துவைக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. புவியியல் தனிப் பாடமாகத் தரம் 6 இல்தான் வருகிறது. அதுவரை காத்திராமல், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க விரும்புகிறேன். முதலில் வகுப்பறை, பிறகு பள்ளி வளவு, அப்புறம் வீட்டுக்குப் போகும் பாதை. எல்லாவற்றையும் பிள்ளைகளே வரைய வேண்டும். பெற்றோர் சிலர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

விசுவமடு அப்பா:
ரீச்சர், எதிர்க்கும் பெற்றோரில் நானும் ஒருவன். தரம் 4 என்றால் அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருக்க வேண்டும். மகன் பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, ரியூசனுக்கு ஓடுகிறான். இதற்குள் படம் கீற நேரம் எங்கே? வழி தெரியாவிட்டால் போன் இருக்கிறது. கூகுள் மப் பார்க்க அவன்தான் எனக்குக் காட்டித் தந்தான்.

நில அளவைக்காரர்:
தம்பி, மகனைப் பரந்தன் சந்திக்குக் கூட்டிப் போங்கள். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, முல்லைத்தீவு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். போனில் வழிகாட்டியைப் போட்டால் நாம் திரும்பும் பக்கத்துக்குப் படமும் திரும்பிவிடுகிறது. எந்தத் திசைக்குப் போகிறோம் என்று பிள்ளை யோசிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. வயல் வரம்பும் குளக்கட்டுப் பாதையும் அதில் ஒழுங்காகக் கிடையாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் போனைச் சார்ஜ் பண்ணவே வழியில்லை. இருட்டில் எந்தப் பக்கம் மேடு, தண்ணீர் எந்த வாய்க்காலால் வரும் என்பதைத் தெரிந்தவர்கள்தான் மற்றவர்களைக் கூட்டிப் போனார்கள். அது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

துணுக்காய் மாஸ்ரர்:
நான் ரீச்சரோடு உடன்படவில்லை. ஆனால் என் காரணம் போனும் இல்லை, புலமைப்பரிசிலும் இல்லை. மாடு சாய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு வவுனிக்குளத்துப் பக்கம் காட்டுப் பாதை மனப்பாடம். அது நடந்து வந்த அறிவு. மேலிருந்து பார்ப்பதுபோல ஊரைக் கற்பனை செய்வது வேறு வேலை, அதற்கு வயது வர வேண்டும். மூன்று மலைகளின் மாதிரியை வைத்து உளவியலாளர் பியாஜே செய்த சோதனை, மறுபக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதைச் சின்னப் பிள்ளைகளால் சொல்ல முடியாது என்று காட்டியது. முன்கூட்டித் திணித்தால் என்ன நடக்கும்? "நீலம் நீர்நிலை, பச்சை காடு" என்று பாடமாக்குவார்கள். ஓகஸ்டில் எங்கள் சின்னக் குளங்களைப் பாருங்கள். படத்தில் நீலம், உள்ளே மாடு மேய்கிறது. எட்டு வயதுப் பிள்ளை எதை நம்பும்?

முரசுமோட்டை ரீச்சர்:
மாஸ்ரர், அந்தக் காய்ந்த குளத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்காது! படம் ஒரு நாளில் ஒருவர் எடுத்த முடிவு, நிலம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை வேறு எதைக் காட்டி விளக்குவேன்? பியாஜேயின் முடிவைப் பிறகு வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஜேம்ஸ் பிளௌட் என்ற புவியியலாளர் பள்ளிக்கு வரத் தொடங்கிய பிள்ளைகளிடமே வான்படங்களைக் கொடுத்துப் பார்த்தார். வீட்டையும் வீதியையும் அவர்கள் அடையாளம் கண்டார்கள். என் வகுப்பிலும் இரணைமடுச் செய்மதிப் படத்தை நிலத்தில் விரித்தேன். வடக்கே அணைக்கட்டு, கட்டில் இருந்து வயலுக்கு ஓடும் வாய்க்கால் என்று பிள்ளைகள் தாங்களாகவே விரல் வைத்தார்கள். படத்தைச் சுவரில் மாட்டாமல் நிலத்தில் வைத்து, வடக்கு வடக்கைப் பார்க்கத் திருப்பினாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது.

ஒட்டுசுட்டான் அம்மா:
இவ்வளவு பேரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பிள்ளைக்குப் படத்தைக் கொடுத்து வழி கண்டுபிடி என்றால் அது குறுக்குப் பாதை தேடும். முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. காட்டுக்கரையில் யானை. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: பழகின பாதையை விட்டு இறங்காதே. பள்ளிக்கூடம் அதைக் குழப்பக் கூடாது.

நில அளவைக்காரர்:
அக்கா சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன். வளவுக்கும் பிரதான வீதிக்கும் வெளியே ஒரு அடியும் வேண்டாம். பிள்ளை முதலில் படிக்க வேண்டிய குறியீடு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. போகக் கூடாத இடத்தையும் வரைந்தால்தான் அது படம்.

திசை பழக வளவே போதும். ஒரு மீற்றர் தடியை நட்டு, காலையில் நிழலின் நுனியில் ஒரு கல், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கல். இரண்டையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ மேற்குக் கிழக்கு. வன்னியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும்தான். யூன் மத்தியானம் அந்தத் தடியின் நிழல் தெற்கே 25 சென்ரிமீற்றர் அளவுக்கு விழும், டிசம்பரில் வடக்கே 64 அளவுக்கு. "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்று ஒரு வரியில் முடிக்காமல் இதைக் காட்டுங்கள். துருவ நட்சத்திரத்தை நம்ப வேண்டாம். நமக்கு அது அடிவானத்துக்கு மேலே 9 பாகையளவில்தான், மரங்கள் மறைத்துவிடும்.

துணுக்காய் மாஸ்ரர்:
நிழலும் தடியும் நல்லது, நானும் செய்வித்திருக்கிறேன். ஆனால் இதற்குத் தேசப்படம் தேவையில்லையே! சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வரும், வாடைக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டாலே திசை வந்துவிடும். 1:50,000 இடவிளக்கப்படத்தில் ஒரு கிலோமீற்றர் என்பது 2 சென்ரிமீற்றர். இந்த விகிதம் தரம் 3 பிள்ளைக்கு விளங்காது.

முரசுமோட்டை ரீச்சர்:
விகிதமே சொல்லப் போவதில்லை மாஸ்ரர். பத்துக் காலடிக்குச் சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டம். கிணற்றில் இருந்து கேற் வரைக்கும் பிள்ளை எண்ணி நடந்து கட்டங்களை நிரப்பட்டும். இரண்டு பிள்ளைகளின் படம் ஒத்துவராது, ஏனென்றால் கால் ஒரே நீளமில்லை. அங்கேதான் "எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும்" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தபிறகு அடிமட்டத்தையும் மீற்றரையும் எடுப்பேன். காற்றுத் திசையையும் சேர்த்துக்கொள்கிறேன், அது நான் யோசிக்காதது.

துணுக்காய் மாஸ்ரர்:
காலடிக் கணக்கு நடக்கட்டும். அச்சடித்த படத்தைத் தரம் 5 வரைக்கும் தள்ளிவைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

விசுவமடு அப்பா:
தவணைப் பரீட்சையில் இதற்குப் புள்ளி உண்டா? புள்ளி என்று வந்தால் ரியூசனிலும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முரசுமோட்டை ரீச்சர்:
புள்ளி இல்லை. வீட்டு வேலையும் இல்லை.

விசுவமடு அப்பா:
அதைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள் ரீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை என்றால் என் மகன் வருவான். தரம் 5 பிள்ளைகளைப் பரீட்சை முடியும்வரை விட்டுவிடுங்கள்.