'ஃபியூஸ் போச்சு': மின்காப்பானா, உருகியா, உருகிழையா?

வணக்கம். வண்டியில் இருக்கும் ஃபியூஸுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற பேச்சில் என் பதில் இது.

> தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஃபியூஸை 'செகரிங்' என்கிறார்கள், காப்பது என்ற பொருளில். நாமும் 'மின்காப்பான்' என்று வைத்துக்கொள்ளலாமே?

அண்ணா, இந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து. மின்காப்பான் என்றதும் ரேடியோவையோ விளக்கையோ காப்பது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஃபியூஸ் முதலில் காப்பது வயரை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் வயர் சூடேறி, மேலுறை இளகித் தீப்பிடிக்கும். அந்த நிலை வருமுன் ஃபியூஸ் அறுந்து ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் 30 ஆம்பியரைச் செருகுகிறவர்களையும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறவர்களையும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இன்றும் பார்க்கிறேன். 'பெரிசாப் போட்டா இன்னும் நல்லாக் காக்கும்' என்ற அவர்கள் நினைப்புக்கு இந்தப் பெயர் தோதாகப் போய்விடும். வண்டி எரிந்துபோகிற விஷயம் இது.

'உருகி' என்ற இன்னொரு சொல்லில் எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. அது வினையெச்சமாகவும் நிற்கிற சொல். 'உருகி போய்விட்டது' என்று எழுதினால் எது உருகிப்போனது என்று கேட்பார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் 'மின் உருகு இழை' என்று இருக்கிறது. அதையே சுருக்கி 'உருகிழை' எனலாம். ஆடு அரங்கு 'ஆடரங்கு' ஆனதுபோல உருகு இழை 'உருகிழை'. வினைத்தொகை என்பதால் உருகிய இழை, உருகும் இழை இரண்டையும் ஒரே சொல் தாங்கும். இழை என்றாலே 'அறுந்தது' என்ற வினை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'எரிந்துவிட்டது' என்று எழுத வேண்டியதில்லை. பெரும்பாலும் அங்கே எதுவும் எரிவதில்லை.

பழுது பார்க்கிறவருக்கு அந்த வினைதான் முக்கியம். லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) கடுமையாக இருந்த நாட்களில் பலர் வண்டியின் லைட்டர் சாக்கெட்டில் இன்வெர்ட்டரைச் செருகி வீட்டுச் சாமான்களை ஓட்டப் பார்த்தார்கள். அந்த சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் உருகிழை என்று வையுங்கள். 12 வோல்ட்டில் அது 180 வாட். 300 வாட் இழுத்தால் 25 ஆம்பியர். சற்று நேரத்தில் இழை இளகி அறும். உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இரண்டு கால்களையும் இணைக்கும் வளைவின் நடுவில் சிறு இடைவெளி தெரியும், பிளாஸ்டிக் தெளிவாகவே இருக்கும். அதே சாக்கெட்டுக்குள் ஒரு நாணயம் விழுந்து குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆனால் கதை வேறு. இழை கண் இமைக்கும் நேரத்தில் சிதறும், உள்ளே கரி பூசினாற்போல் இருக்கும். முன்னதை 'இளகி அறுதல்' என்றும் பின்னதைச் 'சிதறி அறுதல்' என்றும் பிரித்துச் சொல்லலாம். சிதறி அறுந்திருந்தால் நாணயத்தை எடுக்காமல் புதிதை மாட்டிப் பயனில்லை, அதுவும் உடனே போகும்.

உருவாமலே சோதிக்கவும் வழி உண்டு. சாவியைத் திருப்பி வைத்து, சோதனை விளக்கின் கிளிப்பை வண்டியின் வெற்று உலோகத்தில் மாட்டி, உருகிழையின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் இழை முழுசு. ஒன்றில் மட்டும் எரிந்தால் அறுந்தது. இரண்டிலும் எரியாவிட்டால் அந்த இடம்வரைக்கும் மின்சாரமே வரவில்லை.

> அக்கா, இப்போதைய கார்களில் கம்பி இழையே இல்லையே. தட்டைத் தகடுதான். 'இழை' பொருந்துமா? இன்னொன்று, டர்பன் கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் இழை முழுசாக இருந்தும் விளக்கு எரியாமல் போகிறது. அதற்கு என்ன சொல்வது?

நல்ல கேள்விகள், தம்பி. 1970களில் தட்டை வடிவம் வந்த பிறகு கண்ணாடிக் குழாய்கள் மெல்ல மறைந்தன. ஆனாலும் தகட்டில் வேண்டுமென்றே ஒடுக்கி வைத்த இடம்தான் அறுகிறது. அந்த ஒடுக்கத்தை இழை என்பதில் எனக்குத் தடை இல்லை. வடிவத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தட்டை உருகிழை', 'குழல் உருகிழை' எனலாம்.

உப்புக்காற்றில் நடப்பது அறுதல் அல்ல. கால்களிலும் அவை செருகும் பிடியிலும் பச்சை பூத்துத் தொடர்பு விட்டுப்போகிறது. 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தில் அங்குள்ள பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையே மூழ்கியது நினைவிருக்கும். வீதியில் நின்று தண்ணீர் புகுந்த வண்டிகளிலும் இதே கோளாறு வரும். இதற்குத் 'தொடர்பு விட்டது' என்ற பேச்சு வழக்கே போதும், புதுச்சொல் வேண்டாம். ஒரு சொல்லுக்குள் இரண்டு கோளாறையும் அடைத்தால் பையன்கள் நல்ல உருகிழையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதை அதே பச்சைப் பிடியில் செருகுவார்கள்.

சனிக்கிழமை வகுப்புத் தாளுக்கு நான் எழுதியிருப்பது இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'சாவியை அணைக்கவும். பெட்டி மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து உரிய உருகிழையைப் பிளாஸ்டிக் கொறட்டால் நேராக உருவவும். அறுந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே மாட்டவும். வழக்கமான தட்டை உருகிழையில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மாட்டியதும் மறுபடி அறுந்தால் மூன்றாவதைத் தேடாதீர்கள், வயரைப் பாருங்கள்.'

'கொறடு' இங்கே எத்தனை பேருக்குப் புரியும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். 'பிடுங்கி' என்று மாற்றவும் எனக்குச் சம்மதமே.