கலைச்சொல் தேவை: டிஃபரன்ஷியல், கியர் ஆயில்

திருவாரூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காரில் கியர்பெட்டி எண்ணெயையும் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்பதுதான் பொருள். வரைவில் டிஃபரன்ஷியல், அதாவது வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி, 'வகையீட்டுப் பல்லிணை' என்று இருக்கிறது, ஒரு மாணவருக்கும் விளங்கவில்லை. அதைவிடக் கவலை, கைக்கியர்பெட்டி, தானியங்கிக் கியர்பெட்டி, டிஃபரன்ஷியல் என மூன்றிலும் ஊற்றுகிற மூன்று வகைக்கும் 'எண்ணெய்' என்ற ஒரே சொல். மாற்றி ஊற்றினால் பெட்டி கெடும். உதவுங்கள்.

குடந்தையிலிருந்து:
வகையீடு நுண்கணிதச் சொல், இங்கே அதற்கு வேலையில்லை. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. கதிரை மிதிக்க மாடுகளை வரிசையாகக் கட்டிச் சுற்றவிடும் களத்துப் பிணையலை நினையுங்கள். நடுவில் நிற்கும் மாடு காலை மாற்றி வைத்தால் போதும், ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றும். ஆகவே 'பிணையல்' என்றே வைக்கலாம். பிணை, பிணி, பிணக்கு, பிணைச்சல் எல்லாம் கட்டுதல் என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை. நோயைப் பிணி என்றதும் உடலைக் கட்டிப்போடுவதால்தான்.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, நோய்வரை போய்விட்டோம். பிணைச்சல் என்றால் தச்சருக்குக் கதவுக் கீல். அறுவடை இயந்திரம் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்குப் பிணையலையே முதலில் விளக்க வேண்டியிருக்கும். பொருளும் இடிக்கிறது. பிணையலில் கயிறு மாடுகளை ஒரே வரிசையில் கட்டிவைக்கிறது, இந்தக் கருவியோ விட்டுக்கொடுக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் முறுக்குவிசையைச் சமமாகப் பகிர்கிறது, வேகத்தை மட்டும் வேறுபட விடுகிறது. அதனால்தான் களிச்சேற்றில் ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் அது மட்டும் சுழல, மற்றது அசையாமல் நிற்கிறது. 'பகிர்பல்லிணை' என்பது என் பரிந்துரை.

மயிலாடுதுறையிலிருந்து:
எண்ணெய்க்கு வருவோம். எள் + நெய் = எண்ணெய். மண்ணிலிருந்து எடுத்ததை எள்ளின் நெய் என்பது பிழை. நெய் என்பதே பழந்தமிழில் எண்ணெய்க்கும் பொதுவான சொல். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டது மசகு. இரண்டையும் சேர்த்து 'மசகுநெய்' எனலாம்.

நாகையிலிருந்து:
அம்மா, மண்ணெண்ணெய் என்று ஊரே சொல்லும்போது எள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மசகு குழம்பு, இது ஒழுகுவது. இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். கடையில் மாணவர் கேட்கப்போவது 'கியர் ஆயில்'தான். நெய் என்று எழுதி அவரை அலையவிட வேண்டாம்.

பெயரைவிடக் கேனில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும் தரக்குறிதான் முக்கியம். பின்சக்கர ஓட்ட வண்டியின் பின் ஆக்ஸிலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறியதும் ஒன்றையொன்று அழுத்திச் சறுக்குவதால் ஜிஎல்-5 வேண்டும், பிசுபிசுப்பு அளவு பெரும்பாலும் 80டபிள்யூ-90. ஜிஎல்-4 கேட்கும் கைக்கியர்பெட்டியில் அதையே ஊற்றினால் கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தை உரசிச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்குப் பிடிப்புப் போதாது, கியர் விழும்போது உரசும். சில ஜிஎல்-5 எண்ணெய்களின் கந்தகச் சேர்மங்கள் அந்த வளையத்தை அரிக்கவும் செய்யும். முன்சக்கர ஓட்டக் கார்களில் டிஃபரன்ஷியல் பெரும்பாலும் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும், இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் உள்ள தானியங்கிக் கியர்பெட்டியில் ஊற்றுவது விசையையே கடத்துகிறது, பொதுவாகச் சிவப்புச் சாயமிட்டிருக்கும். அதை எண்ணெய் என்னாமல் இயற்பியல் பாடநூல் வழியில் 'பாய்மம்' என்று பிரித்தால் கை தவறாது.

வரைவில் ஒரு பிழையும் இருக்கிறது. எண்ணெய் வடிக்கும் அடிபோல்ட்டை முதலில் கழற்றச் சொல்லியிருக்கிறீர்கள். கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எண்ணெயை இளக்கி, வண்டியைச் சமதரையில் நான்கு ஸ்டாண்டின் மேல் மட்டமாக நிறுத்தி, நிரப்பும் மேல்போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் வடிந்தபின் அது துருப்பிடித்து நின்றால் வண்டி நகராது. அடிபோல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறப் பசை சகஜம். சில்லுகள் வந்தால் பல் உடைந்திருக்கலாம். புது வாஷர் போட்டு, வண்டியின் கையேட்டில் உள்ள முறுக்களவில் இறுக்கி, மேல்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். பழைய எண்ணெய் பால்விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்ஸில் வாய்க்கால் நீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கும். மூச்சுத்துளை அடைத்திருந்தால் சீல் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். வடித்ததைக் கேனில் அடைத்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், வாய்க்காலில் ஊற்றிவிடுகிறார்கள்.

மன்னார்குடியிலிருந்து:
'மூச்சுத்துளை' அருமை. இதற்கு வேர் தேட வேண்டாம், பார்த்தாலே புரிகிறது.

குடந்தையிலிருந்து:
பாய்மத்தில் காற்றும் அடங்கும். நீர்மம் என்பதே துல்லியம். பகிர்பல்லிணையும் எனக்கு உடன்பாடில்லை. வேகம் வேறுபடுவதுதான் அதன் உயிர், பெயரில் அது இல்லையே.

திருவாரூரிலிருந்து:
நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பகிர்பல்லிணைக்கு ஐந்து பேர், பிணையலுக்கு இருவர். அது முதலில் வரும் இடத்தில் டிஃபரன்ஷியல் என்றும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றவை கியர் எண்ணெய், தானியங்கிக் கியர்பெட்டிக்கு விசைப்பாய்மம். தரக்குறி கேனில் உள்ளபடியே. அடிபோல்ட் வரியைத் திருத்திவிட்டேன்.

குடந்தையிலிருந்து:
என் மறுப்பு நிற்கட்டும். ஆனால் அச்சிடுவதென்றால் பகிர்பல்லிணை வினைத்தொகை, வல்லினம் மிகாது. நடுவில் 'ப்' போட்டுவிடாமல் மெய்ப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.