தோப்பு வேலியோரம் குருவிகளுக்கான பழச்செடிகள்: என்ன வைக்கலாம்?

வேலந்தாவளம் தோப்புக்காரன்:
மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, சுற்றிலும் கல்கால் நட்ட கம்பிவேலி. அப்பா காலத்தில் கிளுவையும் களாவுமாக அடைந்து கிடந்த வேலி இப்போது மொட்டையாக நிற்கிறது. நம் மண்ணுக்கே உரிய பழச்செடிகள் வைக்க ஆசை. குருவிகள் வரணும், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கவும் லட்சணமாக இருக்கணும். நர்சரியில் தேன்பழக் கன்றைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வீட்டில், புதர் வைத்தால் பாம்பு வரும் என்கிறார்கள்.

மீனாட்சிபுரத்தான்:
தேன்பழம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குங்க. குருவி தின்னும்தான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

காசு செலவழிக்கும் முன் வேலிக்கு அடியில் களைக்கொல்லி அடிப்பதை ஒரு மழைக்காலம் நிறுத்திப் பாருங்கள். கம்பியில் உட்காரும் கொண்டைக்குருவி எச்சத்தோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். என் வேலியில் வெள்ளைப்பூலா, சங்கஞ்செடி, சூரை எல்லாம் அப்படி வந்தவைதான். கூடவே உன்னிச்செடியும் (லந்தானா) முளைக்கும். அதை மட்டும் சின்னதிலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள். மாடு தின்றால் ஈரல் கெடும். சூரையை நடைவழிப் பக்கம் விடாதீர்கள், வேட்டியைப் பிடித்து இழுக்கும்.

தானாக எதுவும் முளைக்காத இடைவெளிக்குக் களாதான். வெள்ளைப் பூ, மினுமினுக்கும் இலை, சிவந்து கறுக்கும் பழம், லட்சணத்துக்கு வேறென்ன வேணும்? பழுத்ததைப் பறித்துச் சதையைக் கழுவி உடனே பையில் ஊன்றுங்கள். விதை காய்ந்துவிட்டால் முளைப்பு போச்சு. அடுத்த வருட இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நாலடிக்கு ஒன்றாக நடலாம். ஓயாமல் கத்தரித்துச் சுவராக்கினால் பூவே பிடிக்காது. காய்ப்பு முடிந்ததும் ஒரு வெட்டு போதும். கிளுவைக்குப் போத்து (வெட்டிய கிளை) நட்டாலே துளிர்த்துவிடும்.

கோவிந்தாபுரம் அக்கா:
மட்டையும் சிரட்டையும் குவித்து வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வீட்டம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள் தம்பி. புதர்ச்செடி வேலியோடு நிற்கட்டும். வீட்டுப் பக்கத்துக்குக் கறிவேப்பிலை போதும், ஆனால் ஒன்றையாவது ஒடிக்காமல் பழுக்க விடணும். அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயில் தானாக வரும்.

வேலந்தாவளம் தோப்புக்காரன்:
நன்றி அக்கா, அண்ணா. ஊறுகாய்க்கு வரும் களாக்காயில் விதை எடுக்கலாமா?

மீனாட்சிபுரத்தான்:
ஆகாது, அதில் விதை முற்றியிருக்காது. பழைய வேலியை அழிக்காமல் வைத்திருக்கும் காட்டுக்காரர் யாரையாவது கேட்டு, நன்றாகக் கறுத்த பழமாகப் பறியுங்கள். காம்பில் பால் வடியும், நல்ல சட்டையோடு போகாதீர்கள்.